மின்சாரக் கார் வாங்க முதல்: யாழ்ப்பாணத்தாருக்கான கணக்கும் சோதனையும்

குடாநாட்டுக்குள் ஓடுவதற்கு மின்சாரக் கார் தாராளமாகப் போதும். ஏற்றம் இறக்கம் இல்லாத நிலம். யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறைக்குப் போய்த் திரும்பினாலும் கிட்டத்தட்ட 70 கிலோமீற்றருக்குள் முடிந்துவிடும். காங்கேசன்துறை, சாவகச்சேரி, காரைநகர் எல்லாம் அதைவிடக் கிட்ட. ஆனால் அதே காரணத்தால்தான் பல வீடுகளுக்கு மின்சாரக் கார் இலாபம் தராது. ஓட்டம் குறைவென்றால் மிச்சம் பிடிக்கவும் பெரிதாக ஒன்றும் இருக்காது.

ஆகவே மின்சாரக் கார் நல்லதா கூடாதா என்று பொதுவாகக் கேட்டுப் பயனில்லை. மாதம் எவ்வளவு ஓடுகிறீர்கள், வீட்டு மின் இணைப்பு எப்படிப்பட்டது, வருடத்தில் எத்தனை தரம் வவுனியா தாண்டிப் போகிறீர்கள் என்ற மூன்றுக்கும் முதலில் விடை தேடுங்கள். கார் விற்கிறவரிடம் போவது கடைசி வேலை.

படி 1: ஓட்டத்தை ஒரு மாதம் எழுதுங்கள்

இப்போது வைத்திருக்கும் வாகனத்தின் கிலோமீற்றர் எண்ணை ஒவ்வொரு இரவும் குறித்து வையுங்கள். மாத முடிவில் இரண்டு எண்கள் வேண்டும்: மாதத்தின் மொத்த ஓட்டம், ஒரே நாளில் ஓடிய ஆகக் கூடிய தூரம். மொத்த ஓட்டம் காசுக் கணக்குக்கு. ஆகக் கூடிய தூரம் எவ்வளவு பெரிய பற்றரி வேண்டும் என்று சொல்லும்.

நல்லூர்த் திருவிழா, கலியாணம், வெளிநாட்டிலிருந்து ஆக்கள் வந்து நிற்கும் ஓகஸ்ட் மாதம் போன்றவற்றை வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டாம். சாதாரண மாதம்தான் உங்கள் மாதம். கிளிநொச்சி ஒரு வழி ஏறத்தாழ 65 கி.மீ., வவுனியா 140, கொழும்பு 400 என்பதை நினைவில் வையுங்கள்.

படி 2: காசுக் கணக்கு

மின்சாரக் காருக்கு "கிலோமீற்றருக்குச் சில ரூபாய்தான்" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் மின்கட்டணத்தின் மலிவான படியை வைத்துச் சொல்கிறார்கள். வீட்டுக் கட்டணம் படிமுறையானது. 30, 60, 90, 120, 180 என்று யூனிற் ஏற ஏற விலையும் ஏறும். உங்கள் வீடு ஏற்கெனவே 100 யூனிற் எரிக்கிறதென்றால், கார் குடிக்கும் யூனிற் முழுவதும் அதற்கு மேலே உள்ள விலையான படிகளில்தான் விழும். மாதாந்த நிலையான கட்டணமும் கூடும். எனவே சராசரி விலையை எடுக்காமல், கட்டணப் பட்டியலில் உள்ள கடைசிப் படியின் விலையை எடுத்துக் கணக்குப் போடுங்கள்.

கணக்கு விளங்குவதற்காகப் பெற்றோல் லீற்றர் 300 ரூபாய், மின்சாரம் யூனிற் 60 ரூபாய் என்று வைப்போம். விலை மாறினால் எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள், முறை மாறாது. நடுத்தர மின்சாரக் கார் ஒன்று ஏ.சி. போட்டு எங்கள் வீதிகளில் 100 கி.மீ. ஓட, சார்ஜ் செய்யும்போது வீணாவதையும் சேர்த்து, சுவரிலிருந்து 17 யூனிற் அளவில் இழுக்கும்.

மாதம் 1,000 கி.மீ. ஓடுபவருக்கு 170 யூனிற், அதாவது 10,200 ரூபாய். லீற்றருக்கு 15 கி.மீ. ஓடும் பெற்றோல் கார் அதே தூரத்துக்கு 20,000 ரூபாய் விழுங்கும். லீற்றருக்கு 20 ஓடும் ஹைபிரிட் 15,000. பெற்றோல் காரிலிருந்து மாறினால் மாதம் 9,800 மிச்சம். அக்குவா அல்லது ஹைபிரிட் வகன்-ஆர் வைத்திருப்பவருக்கு மிச்சம் 4,800 தான்.

மாதம் 400 கி.மீ. மட்டும் ஓடுபவரைப் பாருங்கள். மின்சாரத்துக்கு 4,080, ஹைபிரிட்டுக்கு 6,000. மிச்சம் 1,920 ரூபாய். மின்சாரக் காருக்கு மாற 15 இலட்சம் கூடுதலாகப் போட வேண்டுமென்றால், அந்தக் காசு திரும்பி வர 65 வருடம் எடுக்கும். கொக்குவிலிலிருந்து நகரக் கடைக்கும் பிள்ளைகளின் ரியூசனுக்கும் மட்டும் ஓடும் கார் இந்த வகைதான். காசுக்காக மாறுவதென்றால் இவர்கள் மாறத் தேவையில்லை.

மாறாக, ஹயர் ஓடுபவர், மருந்து அல்லது பொருள் விநியோகிப்பவர், தினமும் கிளிநொச்சிக்கு வேலைக்குப் போய் வருபவர் என்று மாதம் 3,000 கி.மீ. தொடுபவர்களின் கணக்கு வேறு. பெற்றோல் 60,000, மின்சாரம் 30,600. மாதம் 29,400 மிச்சம் என்றால் 15 இலட்சம் நாலேகால் வருடத்தில் திரும்பும். எஞ்சின் ஒயில், பில்ரர், பிளக், பெல்ற் செலவு இல்லாததையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் முன்னதாக.

"2022 போல பெற்றோல் வரிசை திரும்ப வந்தால்?" என்ற பயம் நியாயமானதுதான். அந்த வருடம் யூனில் 92 ஒக்டேன் 470 ரூபாய்க்குப் போனது. ஆனால் அதே வருடம் மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டும் இருந்தது. தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊருக்கு மாற்றுவழி தேடுவது புதிதல்ல. ஆனால் மின்சாரக் காரை மட்டும் நம்பினால் நெருக்கடியிலிருந்து தப்பலாம் என்று நினைக்க வேண்டாம். கூரையில் சோலார் இருந்தாலும் அப்படித்தான். அதற்கான காரணம் படி 4 இல் இருக்கிறது.

படி 3: வீட்டு மின் இணைப்பைச் சோதியுங்கள்

அவசரப்பட்டு வாங்கியவர்கள் பிறகு காசைக் கொட்டுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அதனால் இதை ஆறுதலாகப் பாருங்கள்.

முதலில் இணைப்பின் அளவு. பழைய வீடுகள் சிலவற்றில் இன்னும் 15 அம்பியர் சிங்கிள் பேஸ் இணைப்புத்தான். அது முழு வீட்டுக்கும் சேர்த்து 3.4 கிலோவாற்று. கார் சார்ஜாகும்போது கிணற்று மோட்டரைப் போட்டால் மெயின் விழும். 30 அம்பியர் சிங்கிள் பேஸ் என்றால் 6.9 கிலோவாற்று. இரவில் காரும் ஒரு ஏ.சி.யும் பிரிட்ஜும் சேர்ந்து ஓடலாம். 15 அம்பியராக இருந்தால் கார் வாங்க முதல் மின்சார சபையின் பிரதேச அலுவலகத்தில் 30 க்கு விண்ணப்பியுங்கள். கார் வந்த பிறகு விண்ணப்பித்தால், இணைப்பு வரும்வரை அயலாரின் பிளக்கைத் தேடிப் போக வேண்டிவரும்.

அடுத்தது சார்ஜரின் அளவு. 7 கிலோவாற்று சுவர்ச் சார்ஜரைக் காருடன் சேர்த்து விற்கப் பார்ப்பார்கள். அது தனியே 30 அம்பியருக்கு மேல் இழுக்கும், சிங்கிள் பேஸ் வீட்டின் முழு இணைப்பையும் அதுவே எடுத்துவிடும். குடாநாட்டு ஓட்டத்துக்கு அது தேவையும் இல்லை. 10 அம்பியரில், அதாவது 2.3 கிலோவாற்றில், இரவு 10:30 இலிருந்து காலை 5:30 வரை சார்ஜ் போட்டால் 16 யூனிற் ஏறும். 90 கி.மீ. ஓட அது போதும். 16 அம்பியர் சார்ஜர் என்றால் அதே ஏழு மணித்தியாலத்தில் 150 கி.மீ. அளவு. ஹயர் ஓடுபவரைத் தவிர மற்ற எல்லாருக்கும் 16 அம்பியர் வேண்டிய அளவுக்கு மேல்.

மூன்றாவது வயறிங். காருடன் வரும் கேபிளை வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பிளக் பேஸில் போடுவதுதான் வழக்கமான பிழை. 13 அம்பியர் பிளக் பேஸ் கேத்தலுக்கும் அயனுக்கும் செய்யப்பட்டது. பத்து நிமிடம் 10 அம்பியர் தாங்கும். ஏழு மணித்தியாலம் விடாமல் ஓடினால், உள்ளே இறுக்கம் குறைந்த ஸ்குரூவில் சூடு பிடித்து பிளாஸ்ரிக் பழுப்பாகும், பிறகு உருகும். வட்டப் பின் 15 அம்பியர் பேஸுக்கு அடாப்டர் போடுவதும், மல்ரி பிளக்கில் நீட்டுவதும் இன்னும் மோசம்.

செய்ய வேண்டியது இது. மின் பெட்டியிலிருந்து காருக்கென்றே தனி வயர் இழுங்கள். 16 அம்பியர் சார்ஜருக்கு 4 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரும் 20 அம்பியர் பிறேக்கரும். போட்டிக்கோ மின் பெட்டியிலிருந்து 20 மீற்றருக்கு மேல் தள்ளியிருந்தால் 6 சதுர மில்லிமீற்றர் நல்லது. அந்த வழிக்கெனத் தனியே 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் போட வேண்டும். அது எந்த வகை என்பதையும் பாருங்கள். வீடுகளில் சாதாரணமாக இருப்பது, மாறுமின் கசிவை மட்டும் பார்க்கும் ஏ.சி. வகை. காரின் சார்ஜரிலிருந்து நேர்மின் (டி.சி.) கசிவு வந்தால் அந்தச் சுவிச் மரத்துப்போய், உண்மையான கசிவு வரும்போது விழாமல் நின்றுவிடும். ஏ வகை வாங்கி, சார்ஜருக்குள் 6 மில்லி அம்பியர் நேர்மின் கசிவுப் பாதுகாப்பு இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் பி வகை வேண்டும், அது விலை கூட.

நான்காவது ஏர்த். யாழ்ப்பாணத்தில் இதைத் தனியே கவனிக்க வேண்டும். வலிகாமத்தில் செம்மண் மேலே மெல்லிய படையாகத்தான் இருக்கும், கீழே சுண்ணாம்புக்கல். ஏர்த் கம்பி முழு ஆழத்துக்கு இறங்காமல் கல்லில் முட்டி, பாதியில் வெட்டி விடப்பட்டிருக்கும். மாரியில் மண் ஈரமாக இருக்கும்வரை தெரியாது. ஆவணி வெயிலில் மண் காய்ந்தவுடன் சார்ஜர் சிவப்பு விளக்குக் காட்டி "ஏர்த் இல்லை" என்று நின்றுவிடும். கார் பழுது, சார்ஜர் பழுது என்று அலைவார்கள். மின்வேலை செய்பவரிடம் கருவி வைத்து ஏர்த் தடையை அளக்கச் சொல்லுங்கள், அதுவும் கோடையில். 10 ஓமுக்குக் கீழே வந்தால் நிம்மதி. வராவிட்டால் இரண்டு மூன்று கம்பிகளை இடைவெளி விட்டு இறக்கி ஒன்றாகத் தொடுக்கலாம். கிணற்றடிக்குக் கிட்ட எப்போதும் ஈரமாக இருக்கும் நிலம் நல்ல இடம்.

ஐந்தாவது வோல்ற்றேஜ். லைன் முடிவில் இருக்கும் வீடுகளில் மாலை ஏழு மணிக்கு லைற் மங்குவது தெரியும்தானே. அந்த நேரத்தில் சார்ஜ் போட்டால் சார்ஜர் அடிக்கடி நின்று நின்று வரும். காரின் நேர ஒழுங்கில் இரவு 10:30 க்குப் பிறகு தொடங்கும்படி வையுங்கள். திரீ பேஸ் இணைப்பு உள்ளவர்கள் நேரத்துக்கேற்ற கட்டண முறையைப் பற்றியும் சபையில் கேட்கலாம். அதில் 10:30 இலிருந்து 5:30 வரை மலிவு, மாலை 6:30 இலிருந்து 10:30 வரை ஆக விலை. இரவில் மட்டும் சார்ஜ் போடுபவருக்கு அது நல்லது. ஆனால் வீட்டில் மாலைப் பாவிப்பு அதிகமென்றால் மொத்தத்தில் நட்டமும் வரலாம். இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு மாறுங்கள்.

சின்ன விடயங்கள் சில. கிடுகுக் கொட்டிலுக்குள் சார்ஜர் பூட்ட வேண்டாம். தரையிலிருந்து 1.2 மீற்றர் உயரத்தில், மழைச் சாரல் அடிக்காத சுவரில் பூட்டுங்கள். சிறிய ஜெனரேற்றரில் காரைச் சார்ஜ் போட முயல வேண்டாம். ஏர்த் தொடர்பு சரியாக இல்லாததால் பெரும்பாலும் சார்ஜர் ஏற்றுக்கொள்ளாது. வாடகை வீட்டில் இருப்பவர்கள் வயர் இழுக்க முதல் வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். காரை ஒழுங்கையில் விடும் வீடென்றால், மதிலுக்கு மேலால் கேபிள் போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். வளவுக்குள் கார் நிற்க இடம் இல்லாதவருக்கு இப்போதைக்கு மின்சாரக் கார் தலையிடிதான்.

படி 4: கூரையில் சோலார் இருக்கிறதா?

இருந்தால் படி 2 இல் போட்ட கணக்குத் தலைகீழாகும். யாழ்ப்பாண வெயிலில் ஒரு கிலோவாற்று சோலார் நாளுக்கு 4 யூனிற் அளவில் தரும். 5 கிலோவாற்றுக்கு மாதம் 600 யூனிற். மாதம் 1,000 கி.மீ. ஓடும் கார் அதில் 170 ஐத்தான் எடுக்கும்.

எந்த ஒப்பந்தத்தில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். நெற் மீற்றரிங் என்றால் பகலில் கொடுத்த யூனிற்றை இரவில் அப்படியே எடுக்கலாம், மிச்சம் பத்து வருடம்வரை கணக்கில் நிற்கும். மிஞ்சிக்கிடக்கும் யூனிற்றைப் பயன்படுத்த மின்சாரக் காரை விட நல்ல வழி கிடையாது. நெற் எக்கவுண்டிங் என்றால் மேலதிக யூனிற்றுக்குச் சபை காசு தருகிறது. 2016 இல் தொடங்கிய திட்டத்தில் முதல் 7 வருடம் 22 ரூபாய், பிறகு 15.50. ஆகவே கார் எடுக்கும் ஒவ்வொரு யூனிற்றாலும் உங்களுக்கு நட்டம் 22 அல்லது 15.50 மட்டுமே, 60 அல்ல. ஏழு வருடம் முடிந்து 15.50 க்கு இறங்கியவர்கள் கார் வாங்க இது நல்ல நேரம்.

சோலார் இல்லாமல் மாதம் 1,000 கி.மீ.க்கு மேல் ஓடுபவர், கையில் உள்ள காசுக்கு முதலில் சோலாரா காரா என்று யோசித்தால், சோலாரை முதலில் போடுங்கள் என்பதே எங்கள் கருத்து. கார் வராவிட்டாலும் சோலார் உழைக்கும். ஒப்பந்த விலைகள் மாறிக்கொண்டிருப்பதால் கையெழுத்திடும் நாளில் எந்த விலை என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். சாதாரண சோலார் இன்வேர்ட்டர் லைன் போனவுடன் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்பவருக்கு அடிக்காமல் இருக்க அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடு முழுதும் இருண்டபோது நல்ல வெயில்தான், ஆனாலும் இத்தகைய சோலார் வைத்திருந்த வீடுகளிலும் கறண்ட் இல்லை. பற்றரியுடன் கூடிய ஹைபிரிட் இன்வேர்ட்டர் இருந்தால் மட்டும் கதை வேறு.

படி 5: வவுனியாவுக்கு அங்கால்

பெட்டியில் எழுதியிருக்கும் தூரத்தை நம்பி நீண்ட பயணம் திட்டமிட வேண்டாம். 24 யூனிற் (கிலோவாற்று மணித்தியாலம்) பற்றரி உள்ள நிசான் லீஃபுக்கு ஜப்பானியச் சோதனையில் 228 கி.மீ. என்று எழுதினார்கள். அமெரிக்கச் சோதனையில் அதே பற்றரிக்குக் கிடைத்தது 135. சீனச் சோதனை எண்ணென்றால் முப்பது வீதத்தைக் கழியுங்கள், ஐரோப்பிய எண்ணென்றால் பதினைந்து வீதம். அதன் பிறகும் பற்றரியைக் கடைசிச் சொட்டுவரை வடிக்க முடியாது. கடைசி 20 வீதம் அவசரத்துக்கு.

60 யூனிற் பற்றரி உள்ள காரில் ஏ9 வழியாக 70 இல் போனால் 350 கி.மீ. எதிர்பார்க்கலாம். கொழும்புக்கு இடையில் ஒரு தரம் சார்ஜ் போட வேண்டும். வவுனியாவையோ அநுராதபுரத்தையோ தாண்டும்போது பாதிக்கு மேல் இல்லையென்றால், அங்கேயே நின்று ஏற்றிக்கொள்ளுங்கள். விரைவுச் சார்ஜர் இருக்கும் இடங்களைப் பிளக்ஷெயார் போன்ற செயலியில் பார்க்கலாம். ஆனால் படத்தில் இருப்பதால் வேலை செய்யும் என்று அர்த்தமில்லை. புறப்பட முதல் போன் பண்ணிக் கேளுங்கள்: வேலை செய்கிறதா, எந்த வகை முனை, ஜெனரேற்றர் வசதி உண்டா, இரவில் திறந்திருக்குமா. ஒரு சார்ஜரை மட்டும் நம்பி ஒருபோதும் போக வேண்டாம். 25 வீதம் மிச்சத்தோடு அங்கே போய்ச் சேர்ந்தால், அது பழுதாக இருந்தாலும் அடுத்த ஊரைப் பிடிக்கலாம். வேகம் 70 இலிருந்து 90 க்கு ஏறினால் பற்றரி மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இறங்கும். மாங்குளம் பக்கத்து நேர் ரோட்டில் இதை மறந்துவிடுவது சுலபம்.

பழைய லீஃபில் கொழும்புப் பயணம் வேண்டாம். 40 யூனிற் லீஃபுக்கும் இது பொருந்தும். அந்தப் பற்றரிக்குக் குளிரூட்டும் ஏற்பாடு இல்லை. ஓட்டச் சூடும் முதல் விரைவுச் சார்ஜின் சூடும் சேர்ந்து, இரண்டாவது தரம் போடும்போது கார் தானே சார்ஜ் ஏறும் வேகத்தைக் குறைத்துவிடும். அரை மணித்தியாலம் என்று நினைத்து நின்றால் ஒன்றரை மணித்தியாலம் போகும்.

வருடத்தில் மூன்று நாலு தரம்தான் கொழும்பு என்றால், அந்தப் பயணத்துக்காகப் பெரிய பற்றரிக்குக் காசு கொட்டாமல் சின்ன பற்றரிக் கார் வாங்கிவிட்டு, கொழும்புக்கு யாழ்தேவியிலோ இரவு பஸ்ஸிலோ போங்கள். குடும்பமாகப் போவதென்றால் வான் பிடிக்கலாம். இரண்டு காருக்குமான விலை வித்தியாசத்தில் பல வருட வான் கூலி அடங்கிவிடும்.

படி 6: எந்தக் கார்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அதனால் சந்தையில் நடுவயது மின்சாரக் கார்கள் மிகக் குறைவு. பெரும்பாலும் ஒரு பக்கம் 2013 முதல் 2015 வரையான 24 யூனிற் லீஃப், மறு பக்கம் புத்தம் புதிய சீனக் கார்கள். ஐந்து வயது, நல்ல பற்றரி, நியாயமான விலை என்று பலர் தேடும் கார் இனிமேல்தான் சந்தைக்கு வரும். அவசரம் இல்லாதவர் பொறுத்திருக்க இது நல்ல காரணம்.

சார்ஜ் முனையைப் பார்க்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். ஜப்பானியக் கார்களில் விரைவுச் சார்ஜுக்கு சாடெமோ முனை. ஐரோப்பிய முறையில் வருபவற்றில் சி.சி.எஸ். 2. சீன உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த காரை யாராவது தனியே இறக்கினால் அதில் ஜி.பி.ரி. முனை இருக்கும். அந்த முனை உள்ளவர் வீட்டுச் சார்ஜோடு நிற்க வேண்டிவரலாம்.

பற்றரியின் வகையும் முக்கியம். பி.வை.டி. போன்றவற்றில் வரும் இரும்பு பொஸ்பேற் பற்றரி எங்கள் வெக்கையை நன்றாகத் தாங்கும். வாரம் ஒரு தரமாவது 100 வீதம் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் மிச்சம் எவ்வளவு என்று கார் பிழையாகக் காட்டும். நிக்கல் வகையென்றால் அன்றாடம் 80 வீதத்தோடு நிறுத்துங்கள். எந்த வகையானாலும் முழுதாக ஏற்றிய காரை மத்தியான வெயிலில் நாட்கணக்கில் விட்டுவைப்பதுதான் பற்றரியை ஆகக் கெடுக்கும். வெளிநாடு போகிறவர்கள் பாதி சார்ஜில், வேப்பமர நிழலில் விட்டுப் போங்கள்.

பழைய லீஃப் பார்க்கப் போகிறீர்களா?

டாஷ்போட்டில் பன்னிரண்டு கோடுகள் இருக்கும். முதல் கோடு போகும்போது பற்றரி ஏறத்தாழ 15 வீதம் இழந்திருக்கும், அதன் பிறகு ஒவ்வொரு கோடும் 6 வீதம் அளவில். ஆனால் கோட்டை மட்டும் நம்ப வேண்டாம். பற்றரியின் கணினியை ரீசெற் செய்து பன்னிரண்டையும் திரும்பக் காட்டும் மோசடி பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. சில வாரங்களில் கோடுகள் பழையபடி விழும். அதற்குள் விற்றவர் போய்விடுவார்.

காரின் கணினியை வாசிக்கும் ஓ.பி.டி. கருவியும், அதைப் போனில் காட்டும் லீஃப்ஸ்பை செயலியும் எடுத்துப் போங்கள். எஸ்.ஓ.எச். எண் (புதிதாக இருந்ததில் பற்றரி இப்போது எத்தனை வீதம் என்பது), செல்களுக்கிடையிலான வோல்ற்றேஜ் வித்தியாசம், விரைவுச் சார்ஜ் எண்ணிக்கை மூன்றையும் படம் பிடியுங்கள். பாதி சார்ஜில் வித்தியாசம் 30 மில்லிவோல்ற்றுக்குள் இருந்தால் நல்லது. 20 வீதத்துக்குக் கீழ் இறக்கி, அக்சிலேற்றரை மிதிக்கும்போது பாருங்கள். ஒரு செல் மட்டும் 100 மில்லிவோல்ற்றுக்கு மேல் தனியே விழுந்தால் அது செத்துக்கொண்டிருக்கும் செல். மொத்தம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த ஒன்றுதான் காரை நிறுத்தும்.

பிறகு ஓட்டச் சோதனை. முழுதாக ஏற்றச் சொல்லி, ஏ.சி. போட்டு, 50 க்கும் 60 க்கும் இடையில் பருத்தித்துறை போய்த் திரும்புங்கள். இதை எந்த ரீசெற்றாலும் ஏமாற்ற முடியாது. பற்றரி 70 வீதம் உள்ள கார் முழுச் சார்ஜில் 95 கி.மீ. அளவுதான் ஓடும், நிம்மதியாக ஓடுவது 75. போய்த் திரும்பியதும் 25 வீதத்துக்குக் கிட்ட மிச்சம் இருந்தால், நகர ஓட்டத்துக்கு அந்தக் கார் போதும். இதற்கு மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம். இத்தகைய கார் கிளிநொச்சிக்கு ஒரு வழிதான் போகும் என்பதையும், சில வருடத்தில் பற்றரி மாற்றும் செலவு வரலாம் என்பதையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

கார் திடீரென்று உயிரில்லாமல் கிடந்தால் பெரிய பற்றரி என்று பதறாதீர்கள். பெரும்பாலும் முன்பக்கத்துச் சின்ன 12 வோல்ற் பற்றரிதான் போயிருக்கும். அதை மூன்று நாலு வருடத்துக்கு ஒரு தரம் மாற்றுங்கள்.

உப்புக் காற்று, வெள்ளம், திருத்தம்

வல்வெட்டித்துறை, காங்கேசன்துறை, தீவுப்பகுதி வீடுகளில் சார்ஜ் வாயின் மூடி எப்போதும் மூடியிருக்க வேண்டும். முனைகளில் பச்சை படிகிறதா என்று மாதம் ஒரு தரம் பாருங்கள். கீழ்ப்பகுதியைக் கழுவுவது நல்லதுதான், ஆனால் உவர்க் கிணற்றுத் தண்ணீரில் கழுவினால் உப்பைப் பூசியதாகத்தான் முடியும். நன்னீர் வேண்டும். மின்சாரக் காரில் பிறேக் அதிகம் வேலை செய்யாது, அதனால் தட்டுத் துருப்பிடிக்கும். வாரம் ஒரு தரம் வெறும் ரோட்டில் நன்றாக மிதித்துத் தேயவிடுங்கள்.

மாரியில் வெள்ளம் ஏறும் தாழ்ந்த வளவென்றால் காரை மேட்டுக்குக் கொண்டுபோக இடம் பார்த்து வையுங்கள். வெள்ளத்தில் நின்ற காரை, வெளியே காய்ந்துவிட்டது என்பதற்காகச் சார்ஜில் போடக் கூடாது. மெயினை நிறுத்திவிட்டு, தட்டு லொறியில் ஏற்றித்தான் கராஜுக்குக் கொண்டுபோக வேண்டும். சக்கரம் உருள இழுத்தால் மோட்டர் கெடும். காப்புறுதியில் வெள்ளமும் பற்றரியும் தட்டு லொறிக் கூலியும் அடங்குகிறதா என்பதை வாசித்துப் பாருங்கள்.

இப்போதா, பிறகா?

மாதம் 1,500 கி.மீ.க்கு மேல் குடாநாட்டுக்குள் ஓடுபவர், வளவுக்குள் நிறுத்துபவர், சோலார் உள்ளவர் என்றால் காத்திருப்பதில் பயனில்லை. சோலார் இல்லாமல் 1,000 கி.மீ. அளவில் ஓடி, நல்ல ஹைபிரிட் வைத்திருப்பவர் அதை ஓடி முடிக்கட்டும். இப்போது வரும் கார்கள் பழசாகிச் சந்தைக்கு வரும்போது பார்க்கலாம். வீட்டில் இரண்டு வாகனம் என்றால் முதலில் சின்னதை மட்டும் மாற்றுங்கள். மாதம் 400 கி.மீ. ஓடுபவருக்கு ஒரு மின்சார ஸ்கூட்டி போதும், காரை அப்படியே வைத்திருக்கலாம். கொழும்புக்கு மாதம் இரண்டு தரம் போகும் வியாபாரிக்கு, ஏ9 இல் சார்ஜர்கள் பெருகும்வரை ஹைபிரிட்தான்.

வாங்குவதென்று முடிவெடுத்தால் ஒழுங்கு இப்படி: முதலில் இணைப்பு, பிறகு ஏர்த்தும் வயறிங்கும், பிறகு காப்புறுதி விலை, கடைசியாகக் கார். புதிய காருக்கு பற்றரி உத்தரவாதம் பெரும்பாலும் 8 வருடம் அல்லது 160,000 கி.மீ. என்று சொல்வார்கள். எத்தனை வீதத்துக்குக் கீழ் போனால் மாற்றித் தருவார்கள், தனியே இறக்கிய காருக்கும் அது செல்லுமா, பழுதென்றால் யாழ்ப்பாணத்தில் பார்ப்பார்களா அல்லது கொழும்புக்கு ஏற்ற வேண்டுமா, ஏற்றும் கூலி யார் தலையில் என்ற நாலுக்கும் விடையை விற்பவரின் கடிதத் தலைப்பில் எழுதி, முத்திரை வைத்து வாங்குங்கள். அதற்குப் பிறகு முற்பணத்தைக் கொடுக்கலாம்.